மலிவுத் தோட்டாவும் செமி-ஆட்டோ ஷாட்கன்னும்: பெட்டியில் எதைப் பார்த்து வாங்குவது

டெக்சஸில் வார இறுதியில், காற்றில் வீசப்படும் தட்டுகளைச் சுடப் போகிறவர்களுக்குத் துப்பாக்கி ஒருமுறைச் செலவு, தோட்டா தீராத செலவு. தட்டு சுடும் ஆட்டங்களில் ஸ்கீட் என்றாலும் ட்ராப் என்றாலும் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தோட்டாப் பெட்டியில் 25 இருப்பதும் அந்தக் கணக்கில்தான். காலையில் நாலு சுற்று சுட்டால் நாலு பெட்டி காலி. பெயர் பெற்ற ரகம் பெட்டி 12, 14 டாலர் ஆகிறது. மலிவு ரகம் 8-லிருந்து 10 டாலருக்குள் கிடைக்கும். பத்துப் பெட்டி அடுக்கிய பெரிய பெட்டியை இங்கே பிளாட் என்பார்கள். ஒரு பிளாட்டுக்கு நாற்பது டாலர் மிச்சம் என்றால் யாருக்குத்தான் கை நீளாது?

இரட்டைக் குழல் வைத்திருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எந்தத் தோட்டாவைப் போட்டாலும் வெடிக்கும், மடக்கித் திறந்தால் காலிக் கூடு வெளியே வரும். ஒன்று சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோவில் கதை வேறு. அங்கே தோட்டாவுக்கு இரண்டு வேலை. ஈயக் குண்டுகளைத் தட்டை நோக்கி அனுப்ப வேண்டும். அதே வெடிப்பின் மிச்ச பலத்தில், தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததை உள்ளே ஏற்றவும் வேண்டும். மலிவுத் தோட்டா பெரும்பாலும் முதல் வேலையை ஒழுங்காகச் செய்துவிடும். இரண்டாவதில்தான் சறுக்கும்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 12 கேஜ் (குழலின் அகலத்தைச் சொல்லும் எண்), வாயுவால் இயங்கும் கேஸ் வகை, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் 2¾ இன்ச். நண்பர் செந்திலுடையது 3 இன்ச் சேம்பருள்ள, உதையால் இயங்கும் இனர்ஷியா வகை, புதுசு. இரண்டிலும் ஒரே சமயத்தில் தொல்லை ஆரம்பித்தது. ஒரு கடையில் சல்லிசாகக் கிடைத்த தோட்டாவை இரண்டு பேரும் பங்கு போட்டு வாங்கியிருந்தோம். என் துப்பாக்கியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிரண்டு சிக்கின. அவருடையதிலோ ஏறக்குறைய எல்லாமே சிக்கின. சுட்டதும் போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். காலிக் கூடு வாசலில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும், அதன் வாயிலிருந்து லேசாகப் புகை வந்துகொண்டிருக்கும். கையால் போல்ட்டை இழுத்து, கூட்டைத் தட்டிவிட்டு, அடுத்த தட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். "அண்ணே, காசு கொடுத்து செமி-ஆட்டோ வாங்கி, கடைசியில பம்ப் ஆக்‌ஷன் ஆக்கிட்டோமே" என்றார் செந்தில். பம்ப்பில் ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்.

சரி, இதை முறையாகப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

துப்பாக்கி எதைச் சாப்பிடுகிறது

முதலில் நம் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டும். ஒரே தோட்டா ஒன்றில் ஓடுவதும் இன்னொன்றில் சிக்குவதும் இதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மூத்தது ஜான் பிரவுனிங் 1900-ல் காப்புரிமை வாங்கிய ஆட்டோ-5. அதில் சுட்டதும் பேரலும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் வரும். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின் குழாயின் மேல் உரசும் வளையங்கள் சில இருக்கும். லேசான தோட்டாவுக்கு ஒரு மாதிரி, கனமானதற்கு வேறு மாதிரி அவற்றை மாற்றி அடுக்க வேண்டும். தாத்தா காலத்து ஆட்டோ-5 மலிவுத் தோட்டாவில் அடம் பிடித்தால் முதலில் அந்த வளையங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். தோட்டாவைத் திட்டுவது அப்புறம்.

கேஸ் வகையில் பேரலின் அடியில் ஒன்றோ இரண்டோ சின்னத் துளைகள் உண்டு. குண்டுகள் அதைத் தாண்டும்போது வெடிப்பின் வாயு கொஞ்சம் துளை வழியாக இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். 1963-ல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையை அமெரிக்க ரேஞ்சுகளில் பரப்பிய துப்பாக்கி. என்னுடையதும் அந்தத் தலைமுறை வடிவமைப்புதான். பழைய கேஸ் துப்பாக்கிகளில் துளையின் அளவு ஒரு குறிப்பிட்ட பலத்துக்கென்றே வைத்தது. அதனால் கனமான தோட்டாவுக்கான 3 இன்ச் மேக்னம் பேரல் மாட்டியிருந்தால் அதில் லேசான தட்டுத் தோட்டா ஓடாது. பேரலைப் பார்க்காமல் துப்பாக்கி ரிப்பேர் என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. பெரெட்டா ஏ400 மாதிரிப் புதியவற்றில் மிஞ்சிய வாயுவை வெளியே விட வால்வு இருக்கிறது. அதனால் லேசானதும் கனமானதும் இரண்டும் ஓடும். ஆனால் பறவை வேட்டைக்கென்று 3½ இன்ச் சேம்பரோடு வரும் துப்பாக்கிகள் இன்றைக்கும் லேசான தோட்டாவில் கொஞ்சம் முரண்டு பிடிப்பவைதான்.

இனர்ஷியா வகையில் துளையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. இத்தாலிக்காரர் புரூனோ சிவோலானியின் யோசனை அது. 1967-ல் ஊர்பினோவில் தொடங்கிய பெனெல்லி நிறுவனம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சுட்டதும் துப்பாக்கி மொத்தமும் பின்னால் உதைக்கும். கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். நின்ற பஸ் சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்வோமே, அதே சங்கதி. போல்ட்டுக்கும் அதன் தலைக்கும் நடுவில் உள்ள ஒரு தடித்த ஸ்பிரிங் அந்த நேரத்தில் அமுங்கும். அமுங்கிய ஸ்பிரிங் விரியும்போது போல்ட் பின்னால் பறக்கும். இதற்கு வேண்டியது உதை, உதை மட்டுமே. துப்பாக்கியின் எடையைக் கூட்டும் எதுவும் இதற்கு எதிரி: நீட்டிய மேகசின், கனமான மூடி, தோளில் வைக்கும் கட்டைக்குள் போடும் எடை, எல்லாம்தான். செந்தில் தோள் வலிக்கிறது என்று முன்னால் ஒரு எடை மூடி மாட்டியிருந்தார். அதைக் கழற்றியதுமே பாதிப் பிரச்சினை போய்விட்டது.

பெட்டி மேல் உள்ள மூன்று எண்கள்

இனி தோட்டா. பெட்டியின் பக்கவாட்டில் குண்டின் மொத்த எடை அவுன்ஸில் இருக்கும், வேகம் வினாடிக்கு இத்தனை அடி என்று இருக்கும், குண்டின் அளவு எண் இருக்கும். சில பெட்டிகளில் டிராம் என்று நான்காவதாக ஒன்றும் போட்டிருப்பார்கள். கரிமருந்து காலத்தில் இத்தனை டிராம் மருந்து போட்டால் என்ன வேகம் வருமோ அதற்குச் சமம் என்ற கணக்கு அது. இப்போதைய மருந்தின் எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1⅛ அவுன்ஸ் தோட்டாவில் 2¾ டிராம் என்றால் 1,145 அடி, 3 டிராம் என்றால் 1,200 அடி. வேகம் அச்சிட்டிருந்தால் டிராமை விட்டுவிடலாம்.

இயக்கத்துக்கு முக்கியம் எடையும் வேகமும். நான் கடைபிடிப்பது ஒரு குறுக்குக் கணக்கு: அவுன்ஸை வேகத்தால் பெருக்குவது. உதையின் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். குண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் மருந்தும் கூட உதைக்குக் கொஞ்சம் சேர்க்கும்தான். ஆனால் தட்டுத் தோட்டாக்கள் எல்லாவற்றிலும் அவை ஏறக்குறைய ஒரே எடை என்பதால் ஒப்பிடும்போது விட்டுவிடலாம்.

1⅛ அவுன்ஸ், 1,200 அடி என்றால் 1,350. அதே எடை 1,145 அடியில் 1,288. 1 அவுன்ஸ் 1,180 அடியில் 1,180, அதே 1 அவுன்ஸ் 1,290 அடியில் 1,290. ⅞ அவுன்ஸ் 1,200 அடியில் வெறும் 1,050.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள ஜோடி. வேகமான 1 அவுன்ஸும் நிதானமான 1⅛ அவுன்ஸும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. "செமி-ஆட்டோவா, 1⅛ தவிர எதுவும் போடாதே" என்று ரேஞ்சில் யாராவது அடித்துச் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். ஈயம் குறைந்த 1 அவுன்ஸ் சில கடைகளில் விலையும் சற்றுக் குறைவு. வேகம் சரியாக இருந்தால் அதுவே போதும்.

நாங்கள் சல்லிசாக வாங்கி மாட்டிக்கொண்டது 1 அவுன்ஸ், 1,180 அடி. என் துப்பாக்கிக்கு அது விளிம்பு. இனர்ஷியா துப்பாக்கிக்கு விளிம்புக்கும் கீழே. இனர்ஷியா வகையின் கையேடுகள் சிலவற்றில் குறைந்தபட்சம் 3 டிராம், 1⅛ அவுன்ஸ் என்றே போட்டிருக்கும். அதாவது 1,350. புதுத் துப்பாக்கிக்கு அந்த எண்ணை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்பிரிங்கும் தடங்களும் பழகிய பிறகு கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம்.

கேஸ் வகையில் இந்தப் பெருக்கல் முழு உண்மையைச் சொல்லாது. அங்கே துளையைத் தாண்டும் நேரத்தில் உள்ள அழுத்தம்தான் பேசும். அது மருந்து எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதைப் பொறுத்தது. சீக்கிரம் எரிந்து முடியும் மருந்து சேம்பரிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு, துளைக்கு வரும்போது அடங்கியிருக்கும். மெதுவாக எரிவது துளை வரை தள்ளிக்கொண்டே வரும். இரண்டு பெட்டியில் ஒரே எடை, ஒரே வேகம் அச்சிட்டிருந்தும் ஒன்று ஓடி மற்றது சிக்குவதற்கு இது ஒரு காரணம். மருந்து எதுவென்று எந்தக் கம்பெனியும் பெட்டியில் போடாது. எனவே கணக்குப் போட்டுத் தள்ள வேண்டியதைத் தள்ளலாம், எடுப்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

24 கிராம் தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிம்பிக் ட்ராப், ஸ்கீட் விதிப்படி குண்டு 24 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 2024 பாரிஸில் நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் சுட்டதும் அந்த எடைதான். அங்கே எல்லார் கையிலும் இரட்டைக் குழல், இயக்கக் கவலையே கிடையாது. அதே ரகத்தை உதை குறைவு என்று ஆசைப்பட்டு இனர்ஷியா துப்பாக்கியில் போட்டால் வம்புதான். ஐரோப்பியத் தயாரிப்பு வாங்கும்போது நீளமும் பாருங்கள். 70 மில்லிமீட்டர் என்பது நம் 2¾ இன்ச். 65, 67 என்று இருப்பவை பழைய இரட்டைக் குழலுக்கானவை, செமி-ஆட்டோவில் ஏறுவதில் தகராறு செய்யும்.

குண்டின் அளவு இயக்கத்தைப் பாதிக்காது. அமெரிக்க அளவில் 17-லிருந்து எண்ணைக் கழித்து நூறால் வகுத்தால் இன்ச்சில் குறுக்களவு: 8-ம் எண் 0.09 இன்ச், 9-ம் எண் 0.08. ஸ்கீட்டுக்கு 9 அல்லது 8, ட்ராப்புக்கு 8 அல்லது 7½. அமெரிக்க ட்ராப் சங்க விதியில் 7½-ஐ விடப் பெரிய குண்டுக்கு இடமில்லை.

அடிப்பாகம்: காந்தம் சொல்வது

கணக்கு சரியாக வந்தும் சிக்கிய தோட்டா ஒன்று எங்களிடம் இருந்தது. 1⅛ அவுன்ஸ், 1,200 அடி. உதையில் குறையே இல்லை. ஆனால் என் துப்பாக்கியில் போல்ட் கொஞ்சம் பின்னால் போய், கூட்டை சேம்பரிலேயே விட்டுவிட்டு வந்துவிடும். இது முன்னே சொன்ன சிக்கலிலிருந்து வேறு. அங்கே பலம் போதவில்லை. இங்கே பலம் இருக்கிறது, கூடு வரமாட்டேன் என்கிறது.

மாட்டிய கூடு ஒன்றைக் குச்சியால் தள்ளி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தோம். விளிம்பில், கூட்டை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் நகம் பிடித்த இடத்தில் ஒரு சின்ன வெட்டுக் காயம். நகம் பிடித்திருக்கிறது, இழுத்திருக்கிறது, விளிம்பைக் கீறிக்கொண்டு நழுவியிருக்கிறது. அடிப்பாகம் பார்க்கப் பித்தளை மாதிரி மினுங்கியது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுபோனேன், டக்கென்று ஒட்டியது. மேலே பித்தளைப் பூச்சு, உள்ளே இரும்புத் தகடு.

மலிவு ரகத்தில் இது சகஜம், அதுவே குற்றமும் இல்லை. வெடிக்கும்போது அடிப்பாகம் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டும், அழுத்தம் இறங்கியதும் சுருங்கி விலக வேண்டும். பித்தளை நன்றாகச் சுருங்கும். மெல்லிய இரும்புத் தகடு அந்த அளவு சுருங்காது. சேம்பர் வழவழப்பாக இருந்தால் அதனாலும் பாதகம் இல்லை. சொரசொரப்பாக இருந்தாலோ, உருகிய பிளாஸ்டிக் படிந்திருந்தாலோ பிடித்துக்கொள்ளும்.

சுடாத தோட்டாவின் அடியை வெர்னியர் காலிப்பரில் அளந்தால் 20.5 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். அதே ரகத்தின் சுட்ட கூட்டையும் அளந்து பாருங்கள். சில ரகங்களில் மயிரிழைதான் வித்தியாசம், சிலவற்றில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு உப்பியிருக்கும். உப்பும் ரகத்தை நான் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடுவதில்லை. அடிப்பித்தளை உயரமா குட்டையா என்று பார்த்துப் பலம் சொல்லும் பழைய பழக்கம் சிலருக்கு உண்டு. இன்றைய தோட்டாவில் அதற்கு அர்த்தம் கிடையாது.

சேம்பரைத் தேய்த்தது, வளையத்தை மாற்றியது

மேகசின், சேம்பர் இரண்டும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேரலைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் சேம்பரின் முன்பாதியில் கருப்பாக ஒரு பட்டை. இத்தனை வருடத் தோட்டாவின் பிளாஸ்டிக்கும் புகைக் கரியும் சேர்ந்து இறுகியது. சாதாரண 12 கேஜ் பிரஷ் இதற்கு ஒல்லி. சேம்பருக்கென்றே தடித்த வெண்கல பிரஷ் விற்கிறது. சால்வென்ட் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அதை வைத்துத் தேய்த்ததில் கருப்பு பெரும்பாலும் வந்துவிட்டது.

பிரஷ் தேய்த்த பிறகும் விரல் நுனிக்குச் சொரசொரப்பு தட்டியது. குரோமியம் பூசிய சேம்பர் என்றால் இதோடு நிறுத்திவிட வேண்டும். என்னுடையது வெறும் எஃகு. ஒரு மரக் குச்சியின் நுனியைப் பிளந்து, 0000 நம்பர் ஸ்டீல் வூல் சுற்றி, துளி எண்ணெய் விட்டு, டிரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில் அரை நிமிடம் ஓட்டினேன். முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது, சேம்பர் முடிந்து குழல் ஒடுங்கும் இடத்துக்குப் போகவே கூடாது. துடைத்துப் பார்த்து, மறுபடி அரை நிமிடம். உலோகத்தைக் குறைப்பதல்ல வேலை, முள்ளை எடுப்பதுதான். உப்புத்தாள், வால்வு தேய்க்கும் பேஸ்ட் எல்லாம் இங்கே வேண்டாம். கடைசியில் ஒரு நூல் இல்லாமல் துடைத்து எடுத்தேன். கழற்றிய பேரலில் புதுத் தோட்டாவைப் போட்டால் தடையில்லாமல் டொக்கென்று உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். இரண்டும் நடந்தன.

அப்படியே முன்பக்க மூடியையும் கழற்றினேன். இந்த வகைத் துப்பாக்கியில் மேகசின் குழாயைச் சுற்றி, வாயு பின்னால் கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் உண்டு. என்னுடையது காய்ந்து, ஒரு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. கனமான தோட்டாவில் வாயு தாராளம் என்பதால் இந்தக் கசிவு தெரியாது, லேசானதில் உடனே தெரியும். விட்டான் ரகத்தில் புது வளையம் சில டாலர்தான். சூடு தாங்கும், சாதாரண ரப்பரை விட ரொம்ப நாள் வரும். பையில் எப்போதும் ஒன்று கூடுதலாகக் கிடக்கட்டும். பிஸ்டனில் படிந்த கரியைச் சுரண்டி, மேகசின் குழாயின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையிலேயே மாட்டினேன். அங்கே எண்ணெய் கொட்டினால் அடுத்த வாரம் அது கரியோடு சேர்ந்து பசையாகும்.

செந்திலின் துப்பாக்கியில் வேலை வேறு இடத்தில். போல்ட்டைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங் கட்டைக்குள் ஒரு குழாயில் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போதே துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய கெட்டி எண்ணெய் அதற்குள் அப்படியே இருந்தது. கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய் தடவி மாட்டினோம். குளிர்காலக் காலையில் கெட்டி எண்ணெய் இன்னும் இறுகும், அதே நேரம் தோட்டாவும் குளிரில் கொஞ்சம் சோம்பும். ஜனவரியில் சிக்குகிற தோட்டா மே மாதத்தில் ஓடுவது இப்படித்தான்.

வாயுத் துளையை டிரில் போட்டுப் பெரிதாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லேசான தோட்டாவுக்காகப் பெரிதாக்கிய துளையோடு கனமானதைச் சுட்டால் போல்ட் பின்சுவரில் அடித்துக்கொண்டு சட்டமே விரியலாம். தோட்டாவை மாற்றுவதுதான் சுலபமும் மலிவும்.

சுட்டுப் பார்த்தது

வேலை முடித்ததும் வெவ்வேறு ரகத்தில் ஒவ்வொரு பெட்டி வாங்கினோம். இரண்டு இரண்டாகவே போட்டோம், சேம்பரில் ஒன்று, மேகசினில் ஒன்று. முதலாவது சுட்டதும் இரண்டாவது ஏறுகிறதா, இரண்டாவது சுட்டதும் போல்ட் பின்னால் போய்த் திறந்தபடி பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பூட்டுதான் நல்ல அளவுகோல். கடைசித் தோட்டாவில் போல்ட் முழு தூரம் போகவில்லை என்றால் பூட்டாது. கூடு வெளியே விழுந்தாலும், பூட்டாத ரகம் விளிம்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

கூடு விழும் தூரமும் பேசும். பக்கத்தில் ஒரு ஆள் நின்று கவனித்தால் போதும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி ஒரே இடத்தில் குவிந்தால் சுகம். காலடியில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று சிதறினால் அந்த ரகத்தில் மருந்து ஒரே சீராக இல்லை. ட்ராப் வரிசையில் வலது பக்கம் நிற்பவர் மேல் கூடு பறக்காமல் இருக்க நாங்கள் கூடு பிடிக்கும் கிளிப் மாட்டுவது வழக்கம். சோதனையின்போது அதைக் கழற்றிவிட்டு ஓரக் கடைசியில் நின்றோம்.

தோளில் இறுக்கி வைத்தும் கொஞ்சம் தளர்த்தி வைத்தும் சுட்டோம். இனர்ஷியா துப்பாக்கியில் உடம்பு கூடவே பின்னால் போனாலும் சரி, துப்பாக்கி நகர இடமில்லாமல் எதிலாவது சாய்த்து வைத்தாலும் சரி, இயக்கம் கெடும். மெலிந்த உடம்புள்ள பிள்ளைகள் சுடும்போது மட்டும் சிக்குவதும் நடக்கும். அதைத் துப்பாக்கிக் கோளாறு என்று கடைக்குத் தூக்கிப் போகிறார்கள்.

முடிவு இதுதான். என் துப்பாக்கி இப்போது 1,250-க்கு மேல் எதைப் போட்டாலும் ஓடுகிறது. முன்பு சிக்கிய 1,180 ரகமும் ஓடுகிறது, ஆனால் சுத்தமாக இருக்கும் வரைதான். நாலைந்து பெட்டிக்கு மேல் கரி சேர்ந்ததும் மறுபடி தடுமாறுகிறது. இரும்பு அடியோடு முரண்டு பிடித்த 1,200 அடி ரகம், சேம்பர் வழவழப்பானதும் அடங்கிவிட்டது. ⅞ அவுன்ஸ் எனக்கு ஓடவில்லை. செந்திலுக்கு 1⅛, 1,200 அடி கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது. 1,145 அடியும் 1 அவுன்ஸ் 1,290 அடியும் ஓடுகின்றன, போல்ட் எப்போதாவது பூட்டாமல் விடுகிறது. 1,180 அவருக்கு ஆகவே ஆகாது.

இரண்டு எச்சரிக்கை. சத்தம் வழக்கத்தை விட மொக்கையாக, புஸ் என்று கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணம் பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். காலி செய்து, பேரலைக் கழற்றி, வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி. இன்னொன்று, 20 கேஜ் தோட்டா 12 கேஜ் பை பக்கமே வரக்கூடாது. அது 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கி இறங்கி முன்னால் மாட்டிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். பின்னாலேயே 12 கேஜ் போட்டுச் சுட்டால் பேரல் வெடிக்கும். 20 கேஜை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். எங்கள் வீட்டில் இரண்டும் வேறு வேறு அலமாரி.

தோட்டாவின் தரத்தில் மலிவு வேறு எங்கே காட்டும் என்று கேட்டால், ஈயத்தில். விலை உயர்ந்ததில் ஆன்டிமனி கூடுதலாகச் சேர்த்துக் குண்டு கடினமாக இருக்கும். மலிவில் குண்டு மிருதுவாக இருப்பதால் குழலுக்குள் நசுங்கி, தூரத்தில் பரந்து போகும். ஸ்கீட்டில் தட்டு 21 கஜத்தில் உடைகிறது, அங்கே கொஞ்சம் பரவினால் நல்லதுதான். ட்ராப்பில் பின்னால் தள்ளி நின்று 40 கஜத்துக்கு மேல் சுடுகிறவர்கள் நல்ல ரகத்துக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. நான் அவ்வளவு பின்னால் நிற்பதில்லை.

வீட்டிலேயே தோட்டா நிரப்புவது மலிவாகாதா என்றும் கேட்பார்கள். 25 பவுண்டு ஈயக் குண்டு மூட்டையில் 1 அவுன்ஸ் வீதம் 400 தோட்டா வரும். மூட்டை விலை, ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு), மருந்து, பிளாஸ்டிக் எல்லாம் இன்றைய விலையில் கூட்டினால் மலிவுத் தோட்டாவோடு போட்டி போட்டு மிஞ்சுவது சொற்பம். மேலும் செமி-ஆட்டோவுக்கு அடிப்பாகத்தை ஒவ்வொன்றாகப் பழைய அளவுக்கு இறுக்கியாக வேண்டும். அதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு என் மரியாதை.

இப்போது வாங்கும் முறை எளிது. பெருக்கிப் பார்த்து என் எண்ணுக்கு மேல் உள்ளதில் மலிவானதை ஒரு பெட்டி மட்டும் வாங்குகிறேன். காந்தம் வைத்துப் பார்த்து, சுட்டு, அடியை அளந்து, பூட்டுகிறதா என்று பார்த்தபின் அதே லாட் எண்ணில், அதாவது அதே தயாரிப்புத் தொகுதியில், இரண்டு மூன்று பிளாட் எடுக்கிறேன். லாட் மாறினால் மறுபடி ஒரு பெட்டி சோதனை, ஏனென்றால் உள்ளே மருந்தை மாற்றினாலும் பெட்டியின் அட்டை மாறுவதில்லை. செந்தில் வீட்டில் மிச்சம் கிடந்த 1,180 பிளாட்டை ரேஞ்சில் இரட்டைக் குழல் வைத்திருக்கும் ஒருவர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு அது அருமையாக ஓடுகிறதாம், இன்னும் இருந்தால் கொடுக்கச் சொல்கிறார்.